உபயம்: வே. சவரிமுத்து

பேயின் கன்னத்தில் சிலுவை தோன்றியிருக்கிறது என்று எழுமலைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன் வந்தபோது, நான் ஆனையூர் வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற ஓவியனுக்கு வீட்டில் கிடைக்கும் பதவி அதுதான். பேசியவர் அந்த ஊரின் பங்குச்சாமியார். இளைஞர், ஊருக்குப் புதியவர், குரலில் ஒரே பதற்றம்.

"ஐயா, எங்க கோயில்ல இருக்குற மிக்கேல் அதிதூதர் படம் நீங்க வரைஞ்சதுதானே? அதிதூதர் காலடியில கெடக்குற பேயோட கன்னத்துல சிலுவை தெரியுது. சனங்க அதிதூதரை விட்டுட்டுப் பேய்க்கு மெழுகுவர்த்தி ஏத்துறாங்க. மேலிடத்துக்குத் தெரிஞ்சா நான் என்னத்தைச் சொல்ல?"

போன வாரம் யாரோ மாலையும் போட்டுவிட்டார்களாம். நான் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னேன். விஷயத்தைக் கேட்ட என் மனைவி ஆரோக்கியமேரி, அதுவரை என் கீரை உருவும் லட்சணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று வாயை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம்.

எங்கள் பழைய பேனர் கம்பெனி ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்போது பிளெக்ஸ் அடிக்கும் தம்பிமார்களும் இருக்கிறார்கள். "அண்ணே, இப்பக் கம்ப்யூட்டரே படம் வரையுது, நீங்க என்ன சொல்றீங்க, உங்க அனுபவத்தை எழுதுங்க" என்று வெகுநாளாக நச்சரிப்பு. கம்ப்யூட்டர் கைக்கு ஆறு விரல் போடுகிறது என்று அவர்கள் சிரிக்கிறார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் நாலு விரல்தான் போட்டேன். அந்த வகையில் கம்ப்யூட்டர் என்னைவிடத் தாராளம். அது போகட்டும். அனுபவம் என்று ஒன்றை எழுதுவதானால் அந்தப் பேயைப் பற்றித்தான் எழுத வேண்டும். என் கல்யாணமே அந்தப் பேயின் மூக்குக்குக் கீழேதான் மாட்டிக்கொண்டு நின்றது.

நான் பிறந்தது செல்லூரில். அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தார். ஞாயிறு பூசை தவறாதவர். கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் தெருக் குடில் அவர் பொறுப்பு. தறியில் மிஞ்சிய வெள்ளை நூல்தான் பெத்லகேமின் பனி. பின்னால் தொங்கவிடும் திரையை நான் வரைவேன். எனக்குத் தெரிந்த மலை யானைமலைதான் என்பதால், எங்கள் தெருவில் இயேசு பல வருடம் யானைமலை அடிவாரத்தில்தான் பிறந்தார். மூன்று ராஜாக்களுக்கு ஒட்டகம் வேண்டும். ஒட்டகத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. காளைமாட்டுக்குத் திமிலைக் கொஞ்சம் நகர்த்திக் கழுத்தை நீட்டிவிட்டேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "பொறந்ததே மாட்டுத் தொழுவத்துல. ஒரு மாடு கூட இருந்தா என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். என் ஓவியத்துக்கு வந்த முதல் விமர்சனம் அது. அதைவிட நல்ல விமர்சனம் பிறகு வரவில்லை.

படிப்பு எனக்கு வருவதாக இல்லை என்று தெரிந்ததும் அப்பாவே என்னைக் கொண்டுபோய்ப் பேனர் கம்பெனியில் விட்டார். விடும்போது ஒன்று சொன்னார். எந்தப் படமானாலும் முதல் கோடு சிலுவையாக இருக்கட்டும், அதன் மேல் என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள் என்றார். நானும் அப்படியே செய்தேன். கித்தானை இழுத்து ஆணியடித்து, வெள்ளை பூசிக் காயவைத்து, கட்டம் போடுவதற்கு முன்னால், உட்கார்ந்தபடி கை எட்டும் இடத்தில் கரித்துண்டால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுவிடுவேன். பிறகு பெயிண்ட் அதை மூடிவிடும். மதுரையில் ஒரு காலத்தில் தொங்கிய சினிமா வில்லன், வட்டச் செயலாளர், பல்பொடி டப்பா எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிலுவை இருந்தது. பனியன் ஜட்டி விளம்பரத்துக்கும் போட்டேன். அதைப் பார்த்த எங்கள் முதலாளி காதர் மாஸ்டர், "கம்பெனி நல்ல கம்பெனிதான், ஆண்டவன் ஒன்னும் சொல்ல மாட்டான்" என்றார்.

காதர் மாஸ்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் யாரையும் திட்டியதே இல்லை. படம் சரியில்லை என்று வாயால் சொல்ல மாட்டார். டீ வாங்கிக் கொடுப்பார். வெறும் டீ என்றால் சின்னத் தப்பு, எங்கேயோ காது மேலே ஏறியிருக்கிறது என்று பொருள். டீயோடு வடையும் வந்தால் முகத்தையே துடைத்துவிட்டுத் திரும்ப வரைய வேண்டும். பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது, மொத்தக் கித்தானுக்கும் வெள்ளையடிக்க வேண்டியதுதான். என்ன தப்பு என்று கேட்டால் பதில் வராது. நாமேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் பயந்து சாகும் அளவுக்கு எங்களை உபசரித்த மனிதர் அவர். பருத்திப்பால் வண்டி மணிச்சத்தம் கேட்டால் என் கை இன்றைக்கும் வெள்ளை டப்பாவைத் தேடும்.

ஆரோக்கியமேரி ஆசிரியர் பயிற்சிக்காக மதுரை வந்து, செல்லூரில் அவள் சின்னம்மா வீட்டில் தங்கியிருந்தாள். எங்கள் தெருக் குடிலைப் பார்க்க வந்தவள், "இது ஒட்டகமா மாடா?" என்று கேட்டாள். நான் வரைந்ததுதான் என்றேன். பேச்சு அப்படி ஆரம்பித்து, கல்யாணம் பண்ணினால் இவனைத்தான் என்று அவள் வீட்டில் அடம்பிடிக்கும் வரைக்கும் போனது.

அவள் அப்பா வே. சவரிமுத்து அந்த எழுமலைப் பக்கத்துக் கிராமத்தில் பருத்தி விவசாயி, கோயில் கமிட்டித் தலைவர். பெரிய மீசை. அவர் தெருவில் வந்தால் நாய்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு யோசிக்கும். மகளுக்கு அரசாங்க வேலை மாப்பிள்ளை பார்க்க நினைத்திருந்தவருக்கு, சினிமாக்காரன் தொடைக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் வந்து நின்றால் எப்படி இருக்கும்? மகள் பிடித்த பிடியில் சம்மதித்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஊர்த் திருவிழாவுக்கு அவர் உபயமாக மிக்கேல் அதிதூதர் படம் ஒன்று கோயிலுக்கு வைக்க வேண்டும், அதை நான்தான் வரைய வேண்டும். "படம் நல்லா வந்தா கல்யாணம் நல்லா நடக்கும்" என்றார். வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் வேலை ஆரம்பித்தது. ஆளைவிட உயரமான கித்தான். வழக்கம்போல் கீழே ஒரு மூலையில் சிலுவை போட்டுத் தொடங்கினேன். மேலே சிறகு விரித்த அதிதூதர், ஒரு கையில் ஈட்டி, ஒரு கையில் தராசு, அவர் காலடியில், சிலுவை போட்ட மூலையில் தலை வைத்து மல்லாந்து கிடக்கும் பேய். அந்தக் காலத்துச் சாமியார் அதிதூதரின் முகத்தில் கருணை வேண்டும் என்றார். மாமா ஆகப்போகிற சவரிமுத்து வீரம் வேண்டும் என்றார். நான் ஒரு கண்ணில் கருணையும் ஒரு கண்ணில் வீரமும் வைத்தேன். கொஞ்சம் மாறுகண் மாதிரி இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மாமா தினமும் காலையில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து படத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிடுவார். பேச மாட்டார். மீசையை முறுக்கியபடி என் கையையே பார்ப்பார். வாயைத் திறந்தால் பேயைப் பற்றித்தான் திறப்பார். "இன்னும் கொஞ்சம் கெட்டவனாப் போடு. பிள்ளைக பாத்தாத் தூங்கக் கூடாது" என்பார். வில்லன் முகம் வரும்போது நமக்கு யாரைக் கண்டால் பயமோ அவரை மனசில் வைத்துக்கொள் என்று மாஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. ஆனால் உலகத்திலேயே நான் அதிகம் பயந்த மனிதர் கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார், கை பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துவிட்டது.

எங்கள் தொழிலில் படம் வரைகிறவன் வேறு, எழுத்து எழுதுகிறவன் வேறு. எழுத்துக்காரர் வேலைக்குள் படக்காரன் தலையிட மாட்டான், அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டான். வேலை முடியும் தறுவாயில் எங்கள் கம்பெனி எழுத்துக்காரர் மாஸ்டரோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். உபயம் எப்போதும் படத்தின் அடியில்தான் வரும். வாசலிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்று மாமா சொல்லியிருந்ததால், நல்ல கொட்டை எழுத்தில், சிவப்பில், மஞ்சள் ஓரம் வைத்து எழுதினார்: உபயம்: வே. சவரிமுத்து.

மாஸ்டர் படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என் தோளில் கை போட்டுக் கடைவீதிக்கு அழைத்துப்போய்ப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். தம்ளரைக் கையில் பிடித்தபடி என்ன தப்பு என்று கேட்டேன். அவர் பஸ் ஏறும் வரை கெஞ்சினேன், மனிதர் அசைந்து கொடுக்கவில்லை. கொட்டகைக்கு ஓடிவந்து சிறகுகளை அளந்தேன், தராசுத் தட்டைப் பார்த்தேன், விரல்களை எண்ணினேன், சரியாக ஐந்து இருந்தது. எல்லாம் அளந்தேன், அடியில் இருந்த எழுத்தை மட்டும் பார்க்கவில்லை. அது என் வேலை இல்லையே.

திருவிழா அன்று சாமியார் படத்தை மந்திரித்து ஆசீர்வதித்தார். திரையை மாமாவே இழுத்தார். பேண்டு வாத்தியம் முழங்கியது. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள், உரக்கப் படித்தாள். படித்து முடித்துவிட்டுப் பேயைப் பார்த்தாள், திரும்பி மாமாவைப் பார்த்தாள். "அம்மா, பேய்க்குக் கீழ பேரு எழுதியிருக்கு" என்றாள்.

அதுவரை அது மீசை வைத்த ஏதோ ஒரு பேய். அதற்குப் பிறகு அது வே. சவரிமுத்து. கோயில் முழுக்கச் சிரிப்பு. வெளியே பேண்டுக்காரர் டிரம்பெட்டை வாயில் வைத்தபடி ஊத முடியாமல் குலுங்கினார். மாமா யாரையும் பார்க்கவில்லை. திருவிழாக் கறிச்சோற்றைக்கூடத் தொடாமல் நேராக வீட்டுக்கு நடந்துவிட்டார். எனக்கு அப்போதுதான் பருத்திப்பாலின் அர்த்தம் விளங்கியது.

எங்கள் முறைப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பார். எங்களுக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது அடுத்த ஞாயிறு. அந்த ஓலைக்குத் தானே எழுந்து தடை சொல்லப்போவதாக மாமா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். "என்னையப் பேயா வரைஞ்சவனுக்கு என் பிள்ளையைக் குடுக்கவா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? நான் செல்லூருக்கு வந்து படுத்துவிட்டேன். அப்பா செபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவளை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் அந்த வாரம் நான் பிரஷ்ஷையே தொடவில்லை.

ஆரோக்கியம் சின்னம்மா மூலம் சொல்லியனுப்பினாள். "மீசையை எடுத்துருங்க. மீசையில்லாத எங்கப்பாவை இந்த ஊர்ல ஒருத்தரும் பாத்ததில்ல. பெறகு அது யாருன்னு எவருக்குத் தெரியப்போகுது?" வாத்தியாரம்மா ஆகப்போகிறவள், யோசனை கச்சிதமாக இருந்தது. சனிக்கிழமை நான் கிராமத்துக்குப் போய்ச் சாமியாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, பேய்க்குச் சவரம் பண்ண உட்கார்ந்தேன்.

மீசையை அழிப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கறுப்பின் மேல் தோல் நிறத்தை அப்பினால் அது மழித்த மீசை ஆகாது, மாவு அப்பிய மீசை ஆகும். டர்பன்டைன் தொட்ட துணியால் கறுப்பை மெதுவாக ஒற்றி எடுத்தேன். பிறகு அங்கே இல்லாத மேலுதட்டை உண்டாக்க வேண்டும். மூக்குக்குக் கீழே பள்ளம் எவ்வளவு, உதடு தடிப்பா மெல்லிசா, நிழல் எந்தப் பக்கம் விழும் என்று எல்லாவற்றையும் மற்ற முகத்தை வைத்து ஊகிக்க வேண்டும். தாடையையும் கன்னத்து எலும்பையும் பார்த்து ஊகித்தேன். மெல்லிய, குட்டையான ஓர் உதடு வந்தது. தள்ளி நின்று பார்த்தால் பேய் இப்போது அழப்போகிற குழந்தை மாதிரி இருந்தது. யார் சாயலும் இல்லை. நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன்.

மறுநாள் பூசைக்கு மாமா தாமதமாக வந்தார். துண்டால் வாயை மூடியிருந்தார். பல்வலி என்று எல்லோரும் நினைத்தோம். சுவிசேஷம் வாசிக்கும்போது நாங்கள் நெற்றியிலும் வாயிலும் நெஞ்சிலும் சிலுவை வரைந்துகொள்வோம். எவ்வளவு கோபம் இருந்தாலும் சவரிமுத்து சுவிசேஷத்துக்குச் சிலுவை போடாமல் இருப்பவர் அல்ல. நெற்றியில் போட்டார். வாயில் போடத் துண்டை இறக்கினார்.

மீசை இல்லை.

மீசையோடு இருந்தால்தானே பேய் மாதிரி இருக்கிறோம் என்று அவரும் அன்று காலையில்தான் முடிதிருத்தகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறார். கோயிலே அவரைப் பார்த்தது, பிறகு சுவரில் தொங்கிய பேயைப் பார்த்தது. அதே மெல்லிய உதடு, அதே பள்ளம், அழப்போகிற அதே முகம். சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு சாமியார் வாசகத்தை முடித்தார். அன்று காலை பஸ்ஸில் வந்திருந்த என் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

ஓலை வாசிக்கப்பட்டது. தடை உண்டா என்று சாமியார் கேட்டார். மாமா எழுந்தார். நடந்துபோய்ப் படத்தின் முன்னால் நின்றார். தன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"சாமி, என் சம்சாரம்கூட என்னைய மீசையில்லாமப் பாத்ததில்ல. இன்னைக்குக் காலையில கண்ணாடியில பாத்து எனக்கே அடையாளம் தெரியல. இவன் நேத்தே வரைஞ்சு வச்சிருக்கான்."

அவர் குரல் இறங்கியது. "என் வீட்டுல ஒருத்தரும் என் மூஞ்சிய நிமிந்து பாக்க மாட்டாக. பயம். இவன் ஒருத்தன்தான் இம்புட்டு உத்துப் பாத்துருக்கான். தடை ஒன்னுமில்ல சாமி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

எழுத்தையாவது அழித்துவிடலாம் என்று சாமியார் சொன்னதற்கு, அது அப்படியே இருக்கட்டும் என்று மாமா மறுத்துவிட்டார். இனிமேல் இந்தப் படத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று சாமியாரும் சொல்லிவிட்டார். எங்கள் கல்யாணத்துக்குக் காதர் மாஸ்டர் ஓர் அண்டா நிறையப் பருத்திப்பால் அனுப்பியிருந்தார். தாலி கட்டிய கையோடு அதைப் பார்த்து எனக்கு மயக்கம் வராத குறை. மாமாவுக்கு மீசை திரும்ப வளர்ந்துவிட்டது, பேய்க்கு வளரவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை அவர் பூசைக்கு அந்தப் படத்தின் அடியில்தான் உட்காருவார். கேலி பண்ணுகிறவர்களிடம், "நானாச்சும் கோயிலுக்குள்ள இருக்கேன், நீ எங்க இருக்க?" என்று கேட்பார். அவரைக் கண்டு எனக்கிருந்த பயமும் போகவில்லை. ஆனால் அவர் என்னை "மாப்ள" என்று கூப்பிடும்போது அதில் ஒரு தனிச் சலுகை இருந்தது.

அந்தப் பேயைப் பார்க்கத்தான் இப்போது நானும் ஆரோக்கியமும் பஸ் ஏறிப் போனோம். சாமியார் சொன்னது உண்மைதான். பேயின் கன்னத்தில் பெயிண்ட் தேய்ந்து, அதன் அடியில் நான் அன்று கரியால் போட்ட சின்னச் சிலுவை எட்டிப் பார்த்தது. அற்புதமும் இல்லை ஒன்றுமில்லை, என் அப்பாவின் யோசனை என்று சாமியாருக்கு விளக்கினேன். அவருக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டார். மக்கள் அதிதூதரின் பாதத்தைத்தானே தொட்டு, விரலை வாயில் ஒற்றி முத்துவார்கள், பேயின் கன்னம் எப்படித் தேய்ந்தது?

நான் ஆரோக்கியத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"நாந்தான் சாமி. வரும்போதெல்லாம் தொடுவேன். என் தங்கச்சிகளும் தொடுவாளுக. அப்பா உசுரோட இருந்தப்ப அவர் மூஞ்சியத் தொட எங்களுக்குத் தைரியம் இல்ல" என்றாள்.

சிலுவையை மூடிவிடுங்கள் என்று சொல்லத்தான் சாமியார் எனக்குப் போன் பண்ணியிருந்தார். இப்போது அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்யுங்கள், சனங்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பையைத் திறந்து பெயிண்டை எடுத்தேன்.

"கன்னம் அப்படியே இருக்கட்டும்ங்க. அப்பாவுக்கு மீசையை மட்டும் வச்சுவிடுங்க" என்றாள் ஆரோக்கியம்.

வைத்தேன். ஒரே இழுப்பு, முறுக்கு தானாக வந்தது. அழப்போகிற குழந்தை போய், நாயை யோசிக்க வைத்த மாமா திரும்பி வந்துவிட்டார். தள்ளி நின்று பார்த்தேன். இளவயதில் வந்த அதே பயம் வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஈரம், தொடாதே என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆரோக்கியம் கையை நீட்டிவிட்டாள். அப்பாவின் மீசையைத் தொட்டு, பழக்கத்தில் அந்த விரலை வாயில் ஒற்றிக்கொண்டாள். மூக்குக்குக் கீழே கறுப்பாகக் கோடு இழுத்துவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். அப்படியே மாமா நின்றார்.

"என்ன அப்படிப் பாக்குறீக?" என்றாள்.

"ஒன்னுமில்ல மாமா" என்றேன்.